சிற்றில் சிதைக்கும் பெரியவர்கள்

தொட்டிலை விட்டு இறங்கிய குழந்தைக்குத் தனியறை ஒன்றை ஒதுக்கி, அவ்வறைக்குத் ‘தீம்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சுவர் முதல் தலையணை உறை வரை அந்த ஒற்றைக் கற்பனையால் இட்டு நிரப்பும் வழக்கம் நம் நடுத்தர வர்க்க வீடுகளில் ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டது. காதுகுத்துக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் நடுவே புதிதாக முளைத்த சடங்கு. மற்றச் சடங்குகளில் தாய்மாமனுக்கு ஓர் இடம் உண்டு. இதில் அவருடைய இடத்தில் உள்அலங்கார நிபுணர் அமர்ந்திருக்கிறார். காதுகுத்தின்போது குழந்தை தன் கருத்தை அழுதாவது தெரிவிக்கும். இங்கே அதற்கும் வழியில்லை. புகைப்படத்துக்காகச் சிரிக்கச் சொல்கிறார்கள்.

இதை எதிர்த்து எழுதுவது அற்பமான வேலை என்று நண்பர்கள் சிலர் கருதக்கூடும். எத்தனையோ குழந்தைகள் நடைபாதையில் உறங்கும் நாட்டில், வசதி படைத்தவர் வீட்டுக் குழந்தையின் சுவரில் என்ன படம் ஒட்டியிருந்தால் என்ன? கேள்வி நியாயமானது. ஆயினும் ஒரு சமூகத்தின் வசதி படைத்த பகுதி இன்று எதற்கு ஆசைப்படுகிறதோ, அதற்கே மற்றவர்கள் பத்தாண்டு கழித்துக் கடன் வாங்கியாவது ஆசைப்படுகிறார்கள். மேலும் என் ஆட்சேபம் செலவைப் பற்றியதோ ரசனையைப் பற்றியதோ அன்று. குழந்தையின் கைக்கும் மனத்துக்கும் உரிய ஒரு வேலையை அன்பின் பெயரால் நாம் பிடுங்கிக்கொள்கிறோம் என்பதைப் பற்றியது.

இச்சடங்கின் துலக்கமான வடிவத்தைக் காண்பதற்குத் திருநீர்மலை நல்ல இடம். பல்லாவரத்திலிருந்து மேற்கே போகும் சாலையில், குன்றும் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணராக நின்றும், மலைமேல் நரசிம்மராக இருந்தும், அரங்கநாதராகக் கிடந்தும், உலகளந்தவராக நடந்தும் பெருமாள் நான்கு கோலங்களில் காட்சி தரும் தலம். (கிடத்தல், இருத்தல், நிற்றல், நடத்தல் என்று வரிசையை மாற்றி வைத்தால் அது ஒரு குழந்தையின் முதல் பதினைந்து மாத வரலாறு. வைணவ நண்பர்கள் பொறுத்தருள்க.) தாம்பரத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் புறவழிச்சாலை வந்த பிறகு இப்பக்கமெங்கும் அடுக்ககங்கள் எழத் தொடங்கின. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, அதுவரை பேரூராட்சியாக இருந்த திருநீர்மலையும் அதனுள் அடங்கியது. இப்போது ஊருக்கு வெளியே நிற்கும் விளம்பரப் பலகைகளில் குன்றும் உண்டு, குளமும் உண்டு, ‘கிட்ஸ் ரூம்’ என்ற வாசகமும் உண்டு.

அப்படியொரு அடுக்ககத்தின் மாதிரி வீட்டைப் பார்க்க நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு போயிருந்தேன். குழந்தைக்கென்று காட்டப்பட்ட அறை பத்துக்குப் பத்து. சிவப்பு நிறக் கார் வடிவில் கட்டில். கட்டிலின் இரு பக்கமும் சக்கரங்கள். சுவர் முழுக்கப் பந்தயச் சாலையின் படம். ஃபால்ஸ் சீலிங்கில் மேகங்கள். விளக்கை அணைத்தால் நட்சத்திரங்கள் ஒளிரும் என்று செய்து காட்டினார்கள். “பையன்னா கார் தீம் சார், பொண்ணுன்னா பிரின்சஸ் தீம். ரெண்டுக்கும் ரேட் ஒண்ணுதான்” என்றார் விற்பனைப் பிரிவின் இளைஞர். சமத்துவம் பேணப்படுவது குறித்து மகிழ்ந்தேன். நண்பரின் மகளுக்கு நான்கு வயது. உள்ளே ஓடியவள் நேராகக் கட்டிலின் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றப் பார்த்தாள். சுழலவில்லை, பலகையில் அறைந்த வட்டம் அது. இன்னொன்றையும் முயன்று பார்த்தாள். பிறகு பால்கனிக்குப் போய், அங்கே ஓரமாகக் கிடந்த உடைந்த டைல்ஸ் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கிவிட்டாள். “பாப்பா, அழுக்கு” என்று அவளைத் தூக்கிவந்து மறுபடியும் அந்தக் காரில் உட்காரவைத்தார்கள். அறையின் சன்னலைக் கோட்டைப் படம் அச்சிட்ட கனத்த திரை மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தேன். உண்மையான குன்று எதிரில் நின்றது, உச்சியில் கோபுரத்தோடு.

சுழலாத அந்தச் சக்கரத்தைக் கண்டபோது எனக்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் நினைவுக்கு வந்தார். பாடம் நடத்துபவனுக்குப் பாடம்தானே நினைவுக்கு வரும்! அவர் பாடிய பெரும்பாணாற்றுப்படை, கச்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பெரும்பாணனை ஆற்றுப்படுத்துவது. எனவே இந்தத் தொண்டை நாட்டு மண்ணைப் பற்றியது. அதில் மருதநிலத்து உழவர் வீட்டுக் குழந்தை ஒன்று வருகிறது. தச்சர் வீட்டுச் சிறுவர்களே கண்டு ஆசைப்படும்படி செய்த ஒரு தேர் அதற்கு இருக்கிறது. ஏறி ஊர்வதற்கு ஆகாத, உருட்டுவதற்கு மட்டுமே உரிய தேர். தளர்நடை நடந்து அதை உருட்டி உருட்டிக் களைத்த பிள்ளை, அந்தக் களைப்புத் தீரச் செவிலியிடம் பாலருந்திப் படுக்கையில் உறங்கிப்போகிறது. தமிழ் இலக்கியத்தில் குழந்தையின் படுக்கை இடம்பெறும் மிகப் பழைய காட்சிகளுள் இது ஒன்று. தேருக்குப் புலவர் அடைமொழி தருகிறார், நடைக்குத் தருகிறார், செவிலிக்குத் தருகிறார், வீட்டுக்கும் தருகிறார். படுக்கையை ‘அமளி’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார். களைத்த குழந்தைக்கு அந்த ஒரு சொல் போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே புலவரின் பட்டினப்பாலையிலும் குழந்தையும் தேரும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வரும் கோழியின்மேல் பெண்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அது குழந்தை உருட்டிவரும் மூன்று சக்கரத் தேரின் வழியில் கிடந்து தடுக்கிறது. செல்வச் செழிப்பைச் சொல்ல வந்த காட்சிதான். ஆனால் அத்தனை செல்வமும் குழந்தையின் வண்டிக்கு முன்னால் ஒரு தடைக்கல், அவ்வளவே. குதிரை பூட்டாத அந்த மூன்று சக்கரத் தேருக்கு இன்றைய பெயர் நடைவண்டி. ஊர முடியாது, ஆனால் உருளும். நம் மாதிரி வீட்டின் காரிலோ ஏறலாம், படுக்கலாம், உருட்ட மட்டும் முடியாது. இரண்டாயிரம் ஆண்டுகளில் நாம் அடைந்திருக்கும் முன்னேற்றத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அலங்கரித்த படுக்கையறை பழந்தமிழில் இல்லாமலில்லை. உண்டு, அது நெடுநல்வாடையில் இருக்கிறது. செம்பில் செய்தது போன்ற நெடிய சுவர். அதில் பல பூக்கள் பூத்த ஒற்றைக் கொடியின் ஓவியம். நாற்பது வயது யானையின் தந்தத்தால் இழைத்த வட்டக்கட்டில். கட்டிலுக்கு மேலே விதானம். மெழுகிட்ட அத்துணியில் வானத்து ராசிகளும், நிலவோடு கூடிய உரோகிணியும் தீட்டப்பட்டிருக்கின்றன. ஒளிரும் நட்சத்திரங்கள் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நக்கீரரைப் படிக்க வேண்டும். 188 அடிகள் கொண்ட பாட்டில் கட்டிலுக்கும் அறைக்கும் அவர் ஒதுக்கியிருக்கும் இடம் சிறிதன்று. அத்தனை வருணனைக்கும் பிறகு அக்கட்டிலின் மேல் இருக்கும் அரசி உறங்கவில்லை. விதானத்து உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்செறிகிறாள். செவிலியர் தேற்றியும் தேறவில்லை.

அரசி உறங்காததற்குப் பிரிவு காரணமேயன்றி அலங்காரம் காரணமன்று என்று என் மாணவர்களே மறுப்பார்கள். அது சரியான மறுப்பு. பிரிவுதான் காரணம். நக்கீரர் காட்டுவது, எவ்வளவு செய்தாலும் அலங்காரம் பிரிவுக்கு ஈடாகாது என்பதை. மூன்று வயதுக் குழந்தையின் தனியறையில் நடப்பதும் வேறென்ன? தாயின் விலாவிலிருந்தும் பாட்டியின் குரலிலிருந்தும் குழந்தையைப் பிரிக்கிறோம். பிரித்ததன் உறுத்தலுக்கு ஈடாகச் சுவரில் கோட்டை கட்டுகிறோம். கோட்டை நமக்காகக் கட்டப்படுகிறது. குழந்தை அதை எளிதில் கண்டுகொள்கிறது. நான் அறிந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கட்டிலில் குழந்தை உறங்குவதேயில்லை. இரவு பத்து மணிக்கு அது பெற்றோரின் நடுவே வந்து புகுந்துகொள்கிறது. கொடியிலிருந்து எடுத்த துணிகள், மடிப்பாரை எதிர்பார்த்து, இளவரசியின் கட்டிலில் துயில்கின்றன.

இனி சிற்றிலுக்கு வருகிறேன். என் வாதத்தின் மையம் அதுதான். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் இவ்விதழின் வாசகர்களுக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. காப்பு முதல் அம்புலி வரை ஏழும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்ற மூன்றும், பெண்பாலுக்கு அம்மானை அல்லது கழங்கு, நீராடல், ஊசல் என்ற மூன்றும் சிறப்பு. முதல் ஏழு பருவங்களில் குழந்தையைச் சுற்றிப் பெரியவர்கள் இருக்கிறார்கள். காக்கிறார்கள், தாலாட்டுகிறார்கள், கொட்டச் சொல்கிறார்கள், முத்தம் கேட்கிறார்கள். இறுதி மூன்றில் குழந்தை கையை உடையதாகிவிடுகிறது. பறையை அது முழக்குகிறது, தேரை அது உருட்டுகிறது, வீட்டைச் சிறுமியர் கட்டுகிறார்கள், சிறுவன் வந்து சிதைக்கிறான். தொட்டிலை விட்டு இறங்கிய குழந்தை எவ்வாறு வளர்கிறது என்பதற்குத் தமிழ் மரபு கண்ட இலக்கணம் இது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் சிற்றிலைச் சிதைக்காதே என்ற முறையீடுதான். கலித்தொகையிலும் மணல்வீட்டைக் காலால் கலைத்த பையன் ஒருவன் வருகிறான், பெரியவனான பின்னும் குறும்பு மாறாமல். எங்கும் சிற்றிலைக் கட்டுவோர் சிறியவர்களே. வேறொருவர் கட்டி முடித்து, இந்தா விளையாடு என்று கொடுத்தது சிற்றில் ஆகாது. கட்டுவதுதான் விளையாட்டு. கட்டி முடித்தபின் அதில் செய்வதற்கு எதுவுமில்லை, சிதைப்பதைத் தவிர. சிதைந்தால் நாளைக்கு மறுபடியும் கட்டலாம்.

தீம் அறையில் இந்த நாளைக்கு இல்லை. அது முடிந்துபோன வாக்கியம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் வேறொருவர் எழுதிவிட்டார்கள். முற்றுப்புள்ளி இருக்கும் இடத்தில் குழந்தையைப் படுக்க வைத்திருக்கிறோம்.

வகுப்பில் சிற்றில் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது முன்பெல்லாம் எனக்கு ஒரு வசதி இருந்தது. பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர்ப் பக்கத்து மாணவர்கள் பலரும் சிறுவயதில் தெருவோரம் லாரி கொட்டிவிட்டுப் போன ஆற்றுமணலில் கோயில் கட்டியவர்கள். உள்ளே கையைவிட்டுக் குகை பறித்தவர்கள். அந்த மணல்மேட்டைச் சொன்னால் போதும், சிற்றில் விளங்கிவிடும். இன்று வீட்டு வேலைக்கு எம்-சாண்ட் வருகிறது. அதுவும் தகரத் தடுப்புக்கு உள்ளே. பெரிய கட்டடங்களுக்கு ரெடிமிக்ஸ் லாரி வந்து குழாய் வழியே மேலே ஊற்றிவிட்டுப் போகிறது. ஆற்றைக் காப்பதற்கு இது வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் தெருவில் மணல் போய்விட்ட காலத்தில் வீட்டுக்குள்ளாவது குழந்தைக்கு ஒரு மணல்மேடு வேண்டும் என்பதை யோசித்திருக்க வேண்டும். நாம் அங்கே வினைல் ஸ்டிக்கரை ஒட்டிவைத்தோம்.

இந்தத் தீம்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் கவனத்துக்குரியது. இளவரசித் தீமின் பிறப்பு நன்கு பதிவான வரலாறு. 2000ஆம் ஆண்டையொட்டி டிஸ்னி நிறுவனத்தின் நுகர்பொருள் பிரிவுக்குத் தலைமையேற்ற ஆண்டி மூனி, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் அந்நிறுவனத்தின் பனிச்சறுக்கு நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்கப் போனார். வரிசையில் நின்ற சிறுமிகள் பலர் உச்சி முதல் உள்ளங்கால் வரை இளவரசிகளாக வேடமிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் அணிந்திருந்தவை அந்நிறுவனத்தின் தயாரிப்புகள் அல்ல. எங்கெங்கோ கிடைத்தவற்றை ஒட்டவைத்துத் தாங்களே உருவாக்கிக்கொண்ட வேடங்கள். வியாபாரியின் கண் உடனே விழித்தது. தனித்தனிப் படங்களில் இருந்த கதாநாயகிகளை ஒரே பெயரின் கீழ்க் கூட்டி விற்பனைக்கு விட்டார்கள். 2001இல் 30 கோடி டாலராக இருந்த இவ்வகைப் பொருள்களின் விற்பனை 2006இல் 300 கோடி டாலராயிற்று. இதில் எண்களைவிட என்னை உறுத்துவது அந்த வரிசை. அதில் நின்ற சிறுமிகள் சிற்றில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் வந்து அதைத் தொழிற்சாலையில் செய்து அவர்களுக்கே விற்றது. சிற்றில் சிதைத்தலில் இப்படியொரு முறையைப் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் கனவிலும் கண்டதில்லை.

இளஞ்சிவப்பு பெண்ணுக்கு, நீலம் ஆணுக்கு என்ற நிறப் பங்கீடும் இவ்வாறே. அது இயற்கை என்று நம்புவோர், 1918இல் அமெரிக்கக் குழந்தையாடை வணிக இதழ் ஒன்று ஆணுக்கு இளஞ்சிவப்பும் பெண்ணுக்கு நீலமும் ஏற்றவை என்று எழுதியதை அறிந்தால் திகைப்பார்கள். சந்தை திரும்பியது, இயற்கையும் கூடவே திரும்பிக்கொண்டது.

அயல்நாட்டுச் சரக்குதானே உங்களுக்குச் சிக்கல், நம் ஊர்ப் பாத்திரங்கள் இருக்கின்றனவே என்பார்கள். 2008இல் ஹைதராபாத் நிறுவனம் ஒன்றின் தயாரிப்பாகப் போகோ தொலைக்காட்சியில் வந்த சோட்டா பீம் இப்போது போர்வையிலும் பள்ளிப்பையிலும் சுவரிலும் இருக்கிறான். இன்னும் ஒருபடி மேலே போன தமிழுணர்வுள்ள நண்பர் ஒருவர், தம் மகனின் அறைக்கு ஆத்திசூடித் தீம் செய்திருப்பதாகப் பெருமையோடு சொன்னார். நான்கு சுவரிலும் ஔவையின் கட்டளைகள். உறங்கப் போகும் குழந்தையைச் சுற்றிலும் ஏவல் வினைமுற்றுகள்! அதற்குக் கார் தீமே கருணை மிக்கது. என் எதிர்ப்பு, தீம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதற்கு அல்ல. முன்கூட்டி முடித்துவைக்கப்பட்டது என்பதற்கே.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப்போவது நேர்மையாகாது. எட்டுப் பேர் ஒரே கூடத்தில் படுத்துறங்கிய காலத்தை இலக்கியவாதிகள் பொன்னாக்கிப் பேசுகிறார்கள். அந்தக் கூடத்தில் படிக்க மேசை கிடையாது, பெண்பிள்ளைக்கு உடைமாற்ற மறைவு கிடையாது, ஒருவர் இருமினால் எல்லோருக்கும் தூக்கம் கிடையாது. தனியறை என்பது அந்த வறுமையிலிருந்து கிடைத்த விடுதலை என்ற வாதம். முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். வறுமைக்குக் காவியம் பாடுவது வசதி வந்தபின் நாம் பழகிக்கொள்ளும் ஒரு பொழுதுபோக்கு. பெண் குழந்தைக்குத் தாழிட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்தே இல்லை. அறையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கேளுங்கள்: கதவுள்ள அறை வேண்டும் என்ற நியாயத்தை வைத்துக்கொண்டு, கோட்டை வடிவக் கட்டில் வேண்டும் என்ற முடிவுக்கு எப்படி வந்தோம்? விடுதலை என்றால் தன் இடத்தைத் தான் அமைத்துக்கொள்ளும் உரிமை என்று பொருள். குழந்தைக்கு இடத்தைக் கொடுத்து அமைக்கும் உரிமையை நாமே வைத்துக்கொண்டால், அது வாடகை வீடு.

பெரியாழ்வாரை முன்வைத்து இன்னொரு மறுப்பு வரலாம். கண்ணனுக்கு அவர் பாடிய தாலாட்டில் தேவர்கள் ஆளுக்கொரு அணிகலன் அனுப்புகிறார்கள், தொட்டில் பொன்னாலும் மணியாலும் இழைக்கப்படுகிறது. நம் நாட்டுப்புறத் தாலாட்டுகளிலும் மாமன்மார் கொண்டுவரும் சீரின் பட்டியல் முடிவதே இல்லை. தொட்டிலை அலங்கரித்தது நம் மரபுதானே? ஆம், அலங்கரித்தது, சொல்லால் அலங்கரித்தது. தலைக்குமேல் தொங்கியதோ பழஞ்சேலையில் கட்டிய தூளி. அந்தச் சேலையில் இருந்தபடியேதான் குழந்தை பொன்னையும் பவழத்தையும் கேட்டது. நேற்றுப் பவழம், இன்று முத்து, நாளை பாடுபவளின் மனநிலையைப் பொறுத்து இரண்டும் இல்லாமல் அண்ணன்காரன் மீது ஒரு குறையும் வரும். கேட்ட சொல்லிலிருந்து காணாத பொருளைச் செய்துகொள்ள வேண்டியது குழந்தையின் பொறுப்பு. இலக்கியம் கற்பிப்பவனுக்கு இதைவிட முக்கியமான பயிற்சி வேறு இல்லை. சுவரில் எல்லாம் அச்சாகிவிட்டால் சொல்லுக்கு வேலை போகிறது. பதினெட்டு வயதில் என் முன் வந்து அமரும் பிள்ளைகளிடம் ஒரு வருணனையைப் படித்தால், “சார், படம் இருக்கா?” என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழந்தையைப் பற்றி உலகம் அறிந்த கல்வியாளர் ஒருவர் நமக்கு மிக அருகில் வாழ்ந்திருக்கிறார். மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. அடையாறு திருநீர்மலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கம்பியிட்ட தொட்டில் ஒரு கூண்டு என்பது அவர் கருத்து. குழந்தை தானே ஏறவும் இறங்கவும் கூடிய, தரையை ஒட்டிய தாழ்ந்த படுக்கையையே அவர் பரிந்துரைத்தார். பொருள்கள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், அது தானே எடுத்துத் தானே திருப்பி வைக்கும்படி, குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர் முறையின் உயிர். தரையில் பாய் விரித்துப் படுத்த நம்மவர்களுக்கு இதில் விளங்காதது எதுவுமில்லை. இன்று அவர் பெயரில் ‘மாண்டிசோரி பெட்’ என்று ஒன்று விற்கிறார்கள். தாழ்ந்த மெத்தைக்கு மேல் வீட்டின் கூரைச் சட்டகம் ஒன்றைப் பொருத்தி, அதில் விளக்குச் சரம் சுற்றி, மேகத்தைத் தொங்கவிட்டு. பாயை விலைக்கு வாங்க நம்மவர்கள் கூச்சப்படுவார்கள் என்று சந்தைக்குத் தெரியும். இத்தாலியப் பெயர் வைத்தால் கூச்சம் போய்விடுகிறது.

குழந்தை யாரோடு உறங்க வேண்டும் என்பதில் மனிதர்கள் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. 1995இல் வெளிவந்த ஆய்வொன்றில் ரிச்சர்ட் ஷ்வேடரும் அவர் குழுவினரும் புவனேசுவரத்திலும் சிகாகோவிலும் ஒரே புதிரைக் கொடுத்தார்கள்: ஏழு பேர் கொண்ட இந்தக் குடும்பத்தை இத்தனை அறைகளில் எப்படிப் படுக்க வைப்பீர்கள்? ஒரியர்களின் விடைகளில் எளியவரைத் தனியே விடக்கூடாது என்ற அறம் முன்னால் நின்றது. சிகாகோக்காரர்களின் விடைகளில் தம்பதியரின் தனிமையும் பிள்ளையின் தன்னிறைவும் முன்னால் நின்றன. சப்பானியர் தாய் தந்தை நடுவே பிள்ளை படுப்பதை ‘ஆறு’ என்ற தம் எழுத்தின் வடிவம் என்பார்கள். மூன்று நெடுங்கோடுகள், நடுவில் ஒன்று குட்டை. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. சிகாகோவின் அறத்தை மனமார ஏற்றுக்கொண்டவர் குழந்தையைத் தனியே படுக்க வைக்கட்டும். நாம் அதை ஏற்கவில்லை. அதன் மரச்சாமான்களை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறோம். இதில் இடம் இழப்பது பெரும்பாலும் பாட்டி. குரோம்பேட்டையில் ஒரு வீட்டில், பேத்தியின் அறை தயாரான அன்று பாட்டியின் கட்டில் கூடத்துக்கு வந்தது. அறையைப் பற்றி அந்த அம்மாவிடம் கேட்டேன். “நல்லாத்தான் இருக்குப்பா. உள்ளே போகத்தான் பயமா இருக்கு, எதையாவது தொட்டுடப் போறேன்னு” என்றார்கள். கதை சொல்லத் தெரிந்த ஒரே ஆள் தொடப் பயப்படும் அறையில், கதைக்குப் பதிலாகக் கதைப் படம் ஒட்டியிருந்தது.

நடைமுறைச் செய்தி ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். இலக்கியப் பக்கத்தில் இது எதற்கு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எனாமல் அடித்த கதவும் சன்னலும் பழைய வீடுகளில் ஏராளம். குழந்தையின் அறையைப் புதுப்பிக்கிறேன் என்று அவற்றை உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தையின் உடலில் ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். தீம் எதுவானாலும் இது பொருந்தும்.

சரி, அறையை என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நீண்ட திட்டம் எதுவுமில்லை. தரையில் ஒரு மெத்தை. கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அலமாரி. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மர அலமாரிகள் கிடைக்கின்றன, காலை வெட்டித் தாழ்த்தித் தரத் தச்சர் இருக்கிறார். இரண்டு பழஞ்சேலைகள், நாற்காலிகளுக்கு நடுவே கட்டினால் அவை கோட்டையாகும், குகையாகும், கப்பலாகும், சாயங்காலம் மறுபடியும் சேலையாகும். அட்டைப்பெட்டிகளைத் தூக்கி எறிய வேண்டாம். சன்னலுக்கு மெல்லிய திரை போதும், குன்று தெரியட்டும். பாட்டி வந்து உட்கார ஒரு பாய். சுவருக்கு வெள்ளை. குழந்தை அதில் என்ன வரைய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

வாடகை வீட்டில் சுவரில் கிறுக்கவிட்டால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா என்று ஒரு நண்பர் கேட்டார். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கென்று முன்பணத்தில் பிடித்துக்கொள்வது இந்த நகரத்தில் எழுதாத சட்டம். குழந்தை கிறுக்கினாலும் பிடிப்பார், கிறுக்காவிட்டாலும் பிடிப்பார். கிறுக்கட்டும்.